டர்போ இல்லாத காரை பெங்களூரில் ட்யூன் செய்வது எப்படி: ஆர்.சி.யில் தொடங்கி ஈ.சி.யு. வரை

டர்போ கார் வைத்திருப்பவர் ஒரு மதியத்தில் ரீமேப் செய்து (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வின் மென்பொருளைத் திருத்தி) இருபது, முப்பது குதிரைத்திறனைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். டர்போ இல்லாத என்.ஏ. எஞ்சினில் அது நடக்காது. எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்று எவ்வளவோ, அவ்வளவுதான் சக்தி. அதனால் காசு போட வேண்டிய வரிசையே இங்கே வேறு. பலரும் எக்ஸாஸ்டில் ஆரம்பிக்கிறார்கள். ஒரு லட்சம் கரைந்த பிறகு கையில் இருப்பது சத்தம் கூடிய அதே கார்தான்.

பெங்களூருக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. 118 பி.எஸ். (குதிரைத்திறன்) என்று கம்பெனி சொல்லும் எஞ்சின் இங்கே ஏறத்தாழ 107 தான் கொடுக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் டைனோ ஷீட்டை (காரின் சக்தியை அளக்கும் கருவி தரும் தாளை) பார்த்து மனம் உடைய வேண்டாம்.

அசல் என்.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் நம் நாட்டில் அபூர்வம். நம்மில் பலர் கைக்கு வருவது 2008-13 ஹோண்டா சிட்டி ஐ-விடெக், அதே காலத்து சிவிக் 1.8 போன்ற செகண்ட் ஹேண்ட் கார்கள்தான். அளவுகளுக்கு சிட்டியையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். முறை எல்லா என்.ஏ. காருக்கும் பொருந்தும். ரூபாய்க் கணக்கு தோராயமானது. பிராண்டையும் கடையையும் பொறுத்து மாறும்.

1. ஸ்பேனரைத் தொடும் முன் காகிதம்

தமிழ்நாட்டுப் பதிவு எண்ணோடு பெங்களூரில் ஓடும் கார் என்றால், முதல் வேலை இதுதான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு. பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், சேஸி எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி அதில் கட்டாயம். இங்கே வந்து படிவம் 27, கர்நாடக ஆயுள் வரி, பிறகு வண்டியை நேரில் காட்டுவது. தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துப் பங்கைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். என்.ஓ.சி., வரி, ஆய்வு எல்லாம் சேர்ந்து மாதங்களை விழுங்கும். ஆய்வாளர் கண்முன் வண்டி நிற்கப் போவதால், இது முடியும் வரை காரில் எதையும் மாற்றாதீர்கள்.

கார் 15 வருடத்தை நெருங்கினாலும் இதே விதிதான். பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25 கொடுக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய், வரி தனி. பாஸ் ஆனால் ஐந்து வருடம் நிம்மதி. 2008, 2009 மாடல் வாங்குபவர்கள் இந்தப் புதுப்பித்தல் முடிந்த வண்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

சட்டம் எங்கே கடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த வடிவத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தமும் புகையும் 190(2) பிரிவில் வரும்: முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். எஞ்சின் மாற்றுவது, பாடியை வெட்டுவது, அனுமதி வாங்காமல் நிறம் மாற்றுவது, சைலன்சரைத் திறந்துவிடுவது ஆகிய நான்கையும் இந்தத் திட்டத்திலிருந்து அழித்துவிடுங்கள். கீழே வரும் வேலைகளிலும் எதெதற்கு அனுமதி தேவை என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

காரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயிலில் தெரிவித்து, பாலிசியில் எண்டார்ஸ்மெண்ட் (அதைச் சேர்த்ததற்கான எழுத்துக் குறிப்பு) கேளுங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. சொல்லாமல் விட்டால், விபத்து நடந்து சர்வேயர் வரும் நாளில் உங்கள் சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் நின்றுபோகலாம். பாகம் வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்.

2. எஞ்சின் இன்று எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். தேய்ந்த எஞ்சினுக்கு எந்த ட்யூனும் உதவாது.

கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளப்பது): எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். இஞ்செக்டருக்கும் காயிலுக்கும் போகும் இணைப்பைத் துண்டித்து, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஆறேழு சுற்று கிராங்க் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மறந்தால் எல்லா ரீடிங்கும் குறைவாகவே வரும். மேனுவலில் உள்ள எண் கடல் மட்டத்துக்கானது. பெங்களூரில் சுமார் 10 சதவீதம் குறைந்து காட்டினால் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். அது 10-15 சதவீதத்தைத் தாண்டினால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்ப அளக்கவும். ரீடிங் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

ஓ.பி.டி. ஸ்கேனர் (காரில் மாட்டி ஈ.சி.யு. தரும் எண்களைப் படிக்கும் கருவி): ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் புளூடூத் கருவியே போதும். லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம்), கூலண்ட் வெப்பம், இன்டேக் காற்று வெப்பம் மூன்றையும் ஐடிலிலும் சீரான ஓட்டத்திலும் குறித்து வையுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களில் அதனாலேயே ட்ரிம் 5-8 சதவீதம் பிளஸ்ஸில் நிற்கலாம். பத்தைத் தாண்டினால்தான் வேக்குவம் லீக், ஃப்யூயல் பம்ப், அழுக்கான இஞ்செக்டர் என்று தேட வேண்டும்.

கையோடு ஒரு டைனோ ரன். மூன்று முறை ஓட்டச் சொல்லி, கியர், அறை வெப்பநிலை, கரெக்ஷன் முறை (உயரம், வெப்பநிலைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் கணக்கு) மூன்றையும் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். முன்னால் கரெக்ஷன் இல்லாமல் ஓட்டிவிட்டு, வேலை முடிந்ததும் கரெக்ஷன் போட்டு ஓட்டினால், பெங்களூர் உயரத்தில் எதுவுமே செய்யாமல் பத்து சதவீதம் ‘கூடிவிடும்’. இந்த ஏமாற்றத்திலிருந்து உங்களைக் காப்பது அந்தக் குறிப்பு ஒன்றுதான்.

செலவு: 5,000 முதல் 8,000 வரை. ஒரு நாள் வேலை.

3. தேய்ந்ததை மாற்றுங்கள்

இரிடியம் பிளக், கியர் ஆயில், கூலண்ட், ஏர் ஃபில்டர், எஞ்சின் மவுண்ட், வால்வு கிளியரன்ஸ். கடைசியாகச் சொன்னதை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும். காலையில் ஓட்டி வந்த காரை மதியம் அளப்பது வீண். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் ஐடில் ரீலேர்ன் (ஈ.சி.யு.வுக்கு ஐடில் வேகத்தை மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்யச் சொல்லுங்கள். ஹோண்டாவில் எல்லா மின்சாதனங்களையும் அணைத்து, 3,000 ஆர்.பி.எம்.மில் பிடித்து ரேடியேட்டர் ஃபேன் ஓடியதும் விட்டு, ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும். பழைய காரில் பெட்ரோல் ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள்; எத்தனால் கூடியிருப்பதால் வெடிப்பு விட்ட ரப்பரை விட்டுவைக்கக் கூடாது.

பாகங்களுக்கு ஜே.சி. ரோடு, லால்பாக் ரோடு பக்கம் போகலாம். அங்கேயும் சிவாஜி நகரிலும் தமிழிலேயே பேசி வாங்க முடியும். போலி பிளக்குகள் சந்தையில் தாராளமாகப் புழங்குவதால், பிளக்கை மட்டும் கம்பெனி டீலரிடமே வாங்குங்கள். எல்லாம் சேர்த்து 20,000 முதல் 30,000 ஆகும். பாதிப் பேருக்கு இங்கேயே கார் புதிதாகத் தெரியும்.

4. டயரும் ரிம்மும்

பணத்துக்கு அதிகப் பலன் தரும் படி இது. பின்னால் பவர் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் இது வேண்டும்.

சிட்டியின் 175/65 ஆர்15 டயரின் வெளிவிட்டம் 608.5 மி.மீ. மாற்று அளவு இதிலிருந்து மூன்று சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் தப்பிவிடும். 185/60 ஆர்15 போட்டால் 603 மி.மீ., ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவு. 195/55 ஆர்15 போட்டால் 595.5, இரண்டு சதவீதம் குறைவு. கியர் சற்றுக் குட்டையானது போல் துடிப்பாக இருக்கும். 195/50 ஆர்16 கணக்குக்குச் சரிதான். ஆனால் நம் ஊர்ப் பள்ளங்களில் அந்த ஒல்லிப் பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்றாது. 15 அங்குலத்திலேயே நில்லுங்கள். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் பழையதை வாங்காதீர்கள்.

ரிம் வாங்கும்போது அழகை விட எடையைக் கேளுங்கள். கடைக்காரர் எடை தெரியாது என்றால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கம்பெனி ரிம்மை விடக் கனமானதைப் போட்டால், காசு கொடுத்து பிக்-அப்பைக் குறைத்துக்கொண்டது போலத்தான். சிட்டிக்கு பி.சி.டி. (நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 4×100, ஹப் துளை 56.1 மி.மீ. ரிம்மின் துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் 80-100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது.

எல்லாவற்றையும் விட ஆபத்தான பொறி வீல் நட். ஹோண்டாவின் நட் அடிப்பாகம் உருண்டை. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். பழைய நட்டைப் புது ரிம்மில் முடுக்கினால் முழுதும் பொருந்தாது, ஓடும்போது தளர்ந்து வீல் கழன்றுவிடும். எம்12×1.5 அளவில் கூம்பு நட் தனியாக வாங்கி, 108 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச்சில் முடுக்குங்கள். நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

நல்ல டயர் செட் 26,000 முதல் 40,000; எடை குறைந்த ரிம் செட் 35,000க்கு மேல். ரிம்முக்குப் பணம் இல்லையென்றால் டயர் மட்டும் போதும். ரிம் அகலம் அந்த டயருக்குப் பொருந்துமா என்று மட்டும் டயர் கம்பெனி அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

5. பிரேக்

பெரிய டிஸ்க் தேவையில்லை. புது டாட் 4 ஆயில், நல்ல பேடு, ஸ்டீல் உறை போட்ட ஹோஸ்: மொத்தம் 12,000 முதல் 20,000. டாட் 4 ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடி திறந்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. புதுப் பேடு போட்டதும் காலி ரோட்டில் அதிகாலையில் 70-80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை அழுத்திப் பிடித்துக் குறையுங்கள், ஆனால் முழுதாக நிறுத்தாதீர்கள். சூட்டோடு நிறுத்தி மிதித்துப் பிடித்தால் பேடு பொருள் டிஸ்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் அதிரும்.

6. சஸ்பென்ஷன்

முதலில் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், லிங்க் ராடு. பத்து வருடம் தாண்டிய காரில் இவை கட்டாயம் போயிருக்கும். அதன் மேல்தான் நல்ல ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் மாற்றினால் இறக்கம் 20-25 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பெங்களூரின் ஸ்பீடு பிரேக்கர்கள் அதற்கு மேல் மன்னிக்காது. கம்பெனி ஷாக்கோடு குட்டை ஸ்பிரிங் மட்டும் போடுவது பொய்ச் சிக்கனம். ஷாக் தன் பயணத்தின் அடி எல்லையிலேயே வேலை செய்து, ஒரு வருடத்தில் ஆயில் கசியும்.

பட்டறையில் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் போல்ட்டை, கார் லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முடுக்கு முடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் கார் தரையில் இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில மாதத்தில் கிழியும். “அண்ணா, வண்டி தரையில நிக்கட்டும், அப்புறம் ஃபைனலா டைட் பண்ணுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அலைன்மெண்ட் அன்றே ஒன்று, 500 கி.மீ. கழித்து ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு ஒன்று. ஷாக், ஸ்பிரிங், புஷ், கூலி எல்லாம் சேர்ந்து 60,000 முதல் ஒரு லட்சம் வரை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கட்டணம், சுங்கம், ஜிஎஸ்டி சேர்ந்து பாகத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். கூரியர் கே.ஒய்.சி.க்கு ஆதார் பிரதி கேட்கும். மூன்று, நான்கு வாரம் ஒதுக்குங்கள். பாகம் கைக்கு வந்த பிறகே பட்டறையில் நாள் குறியுங்கள்.

7. இன்டேக்: பெட்டியை விட்டுவிடுங்கள்

எஞ்சின் அறைக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் சத்தத்தைத் தரும், சக்தியைத் தராது. சில்க் போர்டு நெரிசலில் பானெட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றை விட 25-30 டிகிரி சூடாக இருக்கும். காற்று மூன்று டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும்; கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பம்பருக்குக் கீழே இறங்கும் குளிர்க்காற்றுக் குழாய் கோடையில் நன்றாகத்தான் இருக்கும். மழையில் அண்டர்பாஸில் தண்ணீர் நின்றால் அதையும் உறிஞ்சி கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

கம்பெனிப் பெட்டிக்குள் உட்காரும் பேனல் ஃபில்டர் போதும், 4,000 முதல் 6,000. ஆயில் பூசும் வகை என்றால் அளவாகப் பூசுங்கள். மிஞ்சிய ஆயில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் கம்பியில் படிந்து, காற்றைக் குறைத்துக் காட்டவைக்கும்.

8. எக்ஸாஸ்ட்

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். அதைக் குடைந்து காலி செய்து தர ஆள் கிடைப்பார்; செக் எஞ்சின் விளக்கு எரியும், புகைச் சான்று கிடைக்காது. பி.எஸ்.4 புகை விதிக்கு உட்பட்ட பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். எல்லை, 2,500 ஆர்.பி.எம்.மில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், 1 என்றால் சமநிலை) 0.97-1.03க்குள் நிற்க வேண்டும். நல்ல கன்வெர்ட்டர் இல்லாமல் இது வராது.

ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு அங்குலக் குழாய் போதும். இரண்டரை போட்டால் வாயுவின் வேகம் குறைந்து, நாம் தினமும் ஓட்டும் 2,000-3,500 ஆர்.பி.எம்.மில் கார் மந்தமாகும். ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதி) போட்டால் 4-2-1 வகை, அதாவது நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது. ஊருக்குள் ஓடும் காருக்கு அதுதான் நடுத்தர இழுவையைக் காக்கும். சிவிக் 1.8 வைத்திருப்பவர்கள் ஹெடருக்குக் காசு எடுத்து வைக்க வேண்டாம். அந்த எஞ்சினில் நான்கு வழிகளும் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒன்றாகிவிடுகின்றன. போட இடமே இல்லை.

பட்டறையில் செய்து வாங்கினால் எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய், டிக் வெல்டிங், பழைய இடத்திலேயே ஃப்ளெக்ஸி மூட்டு என்று எழுதி வாங்குங்கள். ஃப்ளெக்ஸியை எடுத்துவிட்டால் எஞ்சின் ஆட்டம் முழுதும் வெல்டில் இறங்கி விரிசல் விடும். பெரிய மஃப்ளரையே (சைலன்சரையே) கேளுங்கள். 25,000 முதல் 45,000, இரண்டு நாள்.

9. ஈ.சி.யு. ரீமேப்

எல்லாம் முடிந்து ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகே இது. பாகம் மாறும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் முன்னால் செய்வது வீண். எதிர்பார்ப்பு 5-8 சதவீதம். அதைவிடப் பெரிய லாபம், மிதித்தவுடன் வரும் பதில்.

பேசி முடிக்கும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். பழைய ஃபைலின் பிரதியைத் தருவாரா? சாலையிலும் டைனோவிலும் லாக் (ஓடும்போது ஈ.சி.யு. எண்களின் பதிவு) எடுப்பாரா? நாக் ரிடார்ட் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் ‘நாக்’கைத் தடுக்க ஈ.சி.யு. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் அளவு) எத்தனை டிகிரி என்று காட்டுவாரா? முழு த்ராட்டிலில் லாம்டா எவ்வளவு வைப்பார்? 0.86-0.90 என்றால் பேச்சைத் தொடரலாம். ‘ஏர் ஃப்யூயல் 12.8’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பெட்ரோலுக்கு என்று கேளுங்கள். சுத்தப் பெட்ரோலுக்குச் சமநிலை 14.7, இ20-க்கு ஏறக்குறைய 13.5; ஒரே எண் இரண்டிலும் ஒரே பொருளைத் தராது.

நீங்கள் எப்போதும் போடும் பெட்ரோலுக்கே மேப் எழுதச் சொல்லுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு இக்னிஷனை (ஸ்பார்க் விழும் நேரத்தை) முன்னே தள்ளிவிட்டு, ஹைவேயில் கிடைத்ததைப் போட்டால் பிஸ்டன் அடி வாங்கும். 20,000 முதல் 35,000, அரை நாள்.

10. சென்னைக்கு இறங்கிச் சரிபாருங்கள்

பெங்களூரில் எழுதிய மேப்புக்கு இதுதான் உண்மையான தேர்வு. இங்கே காற்று மெல்லியது, சிலிண்டர் அழுத்தம் குறைவு, நாக் வர வாய்ப்பும் குறைவு. கிருஷ்ணகிரி தாண்டி இறங்க இறங்க அழுத்தம் ஏறும். சென்னை வெயிலில் இன்டேக் காற்றும் சூடாகும். பெங்களூரில் சுத்தமாக இருந்த லாக்கில் அங்கே நாக் ரிடார்ட் தெரியலாம். ஸ்கேனரை மாட்டி, மூன்றாம் கியரில் 3,000 முதல் 6,000 வரை ஒரு இழுவை லாக் எடுத்து ட்யூனருக்கு அனுப்புங்கள். இக்னிஷனை ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்க வேண்டியிருந்தால் அவர் சரிசெய்வார். முதல் திருத்தம் கட்டணத்தில் அடக்கமா என்று முன்பே பேசி வையுங்கள்.

முழு வேகம் பார்க்க ஆசை என்றால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கும் கோவை கரி ஸ்பீட்வேயும் இருக்கின்றன. ட்ராக் டே நாட்களில் கட்டணம் கட்டி ஓட்டலாம். ஹெல்மெட், டோயிங் ஹூக், புது பிரேக் ஆயில் கட்டாயம். சாதாரண கார் பாலிசி ரேஸ், வேகச் சோதனை இவற்றில் ஆகும் சேதத்துக்குப் பணம் தராது. அன்றைய சேதம் முழுதும் உங்கள் பை.

11. கழற்றியதை வீசாதீர்கள்

கம்பெனி ரிம், ஸ்பிரிங், சைலன்சர், ஈ.சி.யு. ஃபைல் நான்கையும் பத்திரமாக வையுங்கள். போல்ட்டுகளைப் பையில் கட்டி, எந்தப் பாகத்தினுடையது என்று எழுதி ஒட்டுங்கள். இடம் இல்லாத அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் சைலன்சரையும் ஃபைலையும் மட்டுமாவது விடாதீர்கள். அடுத்த படிவம் 25 ஆய்வுக்கோ, விற்கும் நாளுக்கோ காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு நாள் கூலிதான் ஆகும். பாகங்களைப் புதிதாகத் தேடினால் அந்தச் செலவு பல மடங்கு.